எதிர் ஊட்டு மீனும் எங்க ஊட்டு சைவ நாயும்

அந்த நாய்க்கு நான் ஆசையா ஒரு பேரு வெச்சிருந்தேன். அதை இங்க எழுதப்போறதில்ல. எதிர் ஊட்டுக்காரி அவளா ஒரு பேரு வெச்சுக் கூப்ட்டா, அதுவும் வெக்கமில்லாம வாலை ஆட்டிக்கினு போச்சு. நான் வெச்ச பேரு வேணாம்னு போனதுக்கு, இத்தினி வருசம் கழிச்சு நான் எதுக்கு அந்தப் பேரைச் சொல்லி பெருமை சேக்கணும்? நாய்னே சொல்றேன். அதுக்கு அது போதும்.

அம்பதுங்கள்ல நாங்க திருவள்ளூர்ல, கோர்ட்டுக்குப் பின்னால ஒரு தெருவுல குடியிருந்தோம். எங்க ஊட்டுக்காரரு ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தா. காலையில சட்டையை மாட்டிக்கினு போனார்னா விளக்கு வெக்கிற நேரத்துக்குத்தான் வருவாரு. கல்யாணமான புதுசு. பகல் பூரா நானும் நாலு சுவரும்தான். ஊத்துக்கோட்டைப் பக்கத்துலேர்ந்து ஒரு கட்சிக்காரரு வருவாரு, நிலத் தகராறு கேஸு, வாய்தா மேல வாய்தாவா இழுத்துக்கினு கெடந்துச்சு. முயல் பிடிக்கிற நாய்ங்க வளக்கிறவரு. ஒரு வாய்தாவுக்கு வந்தப்ப துணிப்பையில ஒரு குட்டியைப் போட்டு எடுத்தாந்து, "ஊட்ல அம்மா தனியா இருக்குதுன்னு சொன்னியே நைனா, இது இருந்தா எட்டூருக்கு ஆள் அண்டாது"ன்னு எங்க ஊட்டுக்காரரு கையில குடுத்துட்டாரு.

செம்மண்ணு நெறம். காலு மட்டும் ஊருக்கு முன்னால வளந்து நிக்கும், இடுப்பு என் கைக்குள்ள அடங்கும். உக்காருன்னா இன்னான்னு அதுக்குத் தெரியாது. அணிலைத் தொரத்தும், காக்காவைத் தொரத்தும், ஜட்காவைத் தெருமுனை வரைக்கும் தொரத்திட்டு வந்து, ஸ்டேஷன்ல ரயில் ஊதினா அதையும் தொரத்தலாமான்னு காதைத் தூக்கும். ஓடி ஓடிக் களைச்சா என் மடிக்கு வரும். மடியில தலையை வெச்சு ஒரு பெருமூச்சு வுடும் பாருங்க, அந்த ஒரு மூச்சுக்காகவே பகல் பூரா காத்துக்கினு இருப்பேன்.

நாங்க சுத்த சைவம். முட்டை வாங்கின ஊட்டுல தண்ணி குடிக்கமாட்டோம். அதனால நாயும் சைவம். அதுல எனக்கு அப்படி ஒரு பெருமை. கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் நான் ஒருபொழுது இருந்தா அதுக்கும் ஒருபொழுதுதான். அமாவாசைக்குக் கோயில் குளத்துல மீனுக்குப் பொரி போடப் போறப்ப, பக்கத்துல நிக்கிற பொம்பளைங்ககிட்ட சொல்லுவேன், "எங்க ஊட்டு நாய் விரதம் இருக்குது தெரியுமா?" அவங்களும் கன்னத்துல போட்டுக்குவாங்க, போன ஜென்மத்துல பெரிய மகானா இருந்திருக்கும்னு. ஓடுற ஓட்டத்துக்கு மூணு வேளை தின்னாலும் பத்தாத ஜீவனை நாங்க மகானாக்கி வெச்சிருந்தோம்.

மகானுக்கு எதுவும் ஒத்துக்கலை. பால்சோறு போட்டா வயித்தால போச்சு. தயிர்சோறு போட்டா கொல்லைப்பக்கம் போயி அப்படியே கக்கிட்டு வந்துச்சு. சாம்பார் சோறு தின்னா வயிறு கடமுடான்னு உருளும், எனக்கு அடுப்படி வரைக்கும் கேக்கும். ரேஷன்ல கோதுமை போட்டாங்க, ரொட்டி சுட்டுக் குடுத்தேன். காதெல்லாம் செவந்துபோயி ராவும் பகலும் சொறிஞ்சுக்கினே இருந்துச்சு, முதுகுல சொட்டை சொட்டையா முடி கொட்டுச்சு. மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம். பூச்சி மருந்து குடுத்தாங்க. பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதிர் ஊட்டுப் பிள்ளைங்க கண்ணுதான் பட்டுச்சுன்னு மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டேன். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நாய் நாலு தும்மல் தும்மிட்டு மறுபடியும் அணில் பின்னால ஓடிப்போச்சு.

எதிர் ஊடுன்னு சொன்னேனே, அது பழவேற்காட்டுலேர்ந்து வந்து பஜார்ல கடை போட்ட பாய் ஊடு. ஊடு நெறய பிள்ளைங்க. அந்தப் பிள்ளைங்களோட அம்மாவை நான் பாயம்மான்னு கூப்புடுவேன். என்னைவிட கொஞ்சம் பெரியவ. சிரிச்ச மொகம். அந்தச் சிரிப்பே எனக்கு ஆகாது. எந்நேரமும் ஊட்டுல சத்தம், ஒண்ணு அழும், ஒண்ணு பாடும், ஒண்ணு இடுப்புல தொங்கும். என் ஊட்டுல தண்ணிப்பானை மேல மூடி வெச்சாக்கூட சத்தம் கேக்கும். நான் ஜன்னல் வழியா பாத்துக்கினே நிப்பேன். எல்லாத்தையும் அவளுக்கே குடுத்துட்டியே சாமின்னு வயிறு பத்திக்கினு எரியும். ஆனா ஒரு நெனப்புல அடக்கிக்குவேன்: அவகிட்ட நாய் இல்ல. அவங்க மார்க்கத்துல நாயை ஊட்டுக்குள்ள சேக்கமாட்டாங்க, எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும். ஆக, இது ஒண்ணாவது எனக்கே எனக்குன்னு இருந்தேன்.

கொஞ்ச நாளா அதோட முதுகு மின்ன ஆரம்பிச்சிருந்துச்சு, மிளகா சுத்திப் போட்ட பலன்னு நெனச்சேன். ஒருநாள் நாய் ஓடிவந்து என் மூஞ்சியை நக்குச்சு. குப்புன்னு மீன் வாடை.

மொதல்ல நம்பலை. கிட்ட இழுத்து வாயைத் தொறந்து மோந்து பாத்தேன். மீனேதான். கெணத்தடிக்கு இழுத்துக்கினு போயி சீயக்கா போட்டுத் தேய்ச்சேன், வாய்க்குள்ள கூட சீயக்காத் தண்ணி வுட்டேன். அன்னியிலேர்ந்து ஜன்னல்ல காவல் நின்னேன். பாத்தா, மத்தியானம் பாயம்மா வாசலுக்கு வந்து, தேங்கா ஓட்டுல எதையோ எடுத்தாந்து, தள்ளி நின்னு கீழ கொட்டுனா. நாய் தெருவைத் தாண்டி அம்பு மாதிரி பாஞ்சுது. தின்னுச்சு. தின்னுட்டு வந்துடுச்சான்னு பாக்குறீங்களா? இல்ல. அவ வாசப்படிக்கு ஒரு கை தூரத்துல, இதுதான் எல்லைன்னு கோடு கிழிச்சாப்பல படுத்துக்கினு, அவ மூஞ்சியவே பாத்துச்சு. அவ ஏதோ பேரு சொல்லிக் கூப்ட்டா. வாலு ஆடுச்சு.

ஊர்ல எவ மேலயும் எனக்கு அவ்வளவு கோவம் வந்ததில்ல. தொடவும் மாட்டா, மடியில வெச்சுக்கவும் மாட்டா, ஏழு தரம் கழுவுறவ. அவளுக்கு வாலு. ராத்திரியில காது சொறியுதுன்னு எழுந்து வேப்பெண்ண தடவுறவ நான். எனக்கு மிஞ்சினது அது வயித்தால போறதை அள்ளுறது.

தெருவுல எறங்கிட்டேன். "இன்னா பாயம்மா, எங்க ஊட்டு நாய்க்கு மீனு போடுறீங்க? நாங்க சைவம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், குமாஸ்தாம்மா. நீங்க சைவம். நாய் எப்ப சைவமாச்சு?"

பிள்ளைங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சுதுங்க. என் மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. "என் ஊட்டு வாசப்படி ஏறுன அன்னிக்கே ஆச்சு"ன்னேன்.

அவ சிரிப்பை நிறுத்திட்டா. "கோச்சுக்காதீங்கம்மா. மீன் தலை வீணாப் போவுதேன்னு போட்டேன். உங்களுக்குப் புடிக்கலைன்னா இனிமே போடல, அல்லா மேல சத்தியம்."

போடவும் இல்ல. சொன்ன சொல்லைக் காப்பாத்துனா, அதுவும் எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. சண்டைக்கு வந்தவகிட்ட ஒரு வார்த்தை பதிலுக்குத் திட்டியிருந்தா எனக்கு எவ்வளவு சௌகரியமா இருந்திருக்கும்.

நாயைக் கயித்துல கட்டிப் போட்டேன். அது தெருப்பக்கமே பாத்துக்கினு ஊளை வுட்டுச்சு. கொஞ்ச நாள்ல இளைச்சுது பாருங்க, விலா எலும்பு ஒண்ணொண்ணா தெரிஞ்சுது, முதுகுத்தண்டு மேல கையை வெச்சா கத்தி மேல வெச்சாப்பல இருந்துச்சு. ஒரு நாள் ராவு சாப்பாட்டுல எங்க ஊட்டுக்காரரு கையைக் கழுவிக்கினே சொன்னாரு: "இது இங்க இருந்தா செத்துப்போவும். அடுத்த வாய்தாவுக்கு ஊத்துக்கோட்டைக்காரரு வருவாரு. திருப்பிக் குடுத்துடலாம்."

"குடுக்கமாட்டேன்."

"அப்ப எதிர் ஊட்டுக்காவது வுடு. அவங்க சோறு போட்டப்ப நல்லாத்தான இருந்துச்சு."

அவரு சாதாரணமாத்தான் சொன்னாரு. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. செத்தாலும் என் மடியில சாவட்டும்னு வாயில வந்துடுச்சு. சொன்னப்புறம் அந்த நாயோட எலும்பைப் பாத்தேன். நெஜமாவே செத்துடும்னு அப்பதான் பயம் வந்துச்சு. வாய்தா வர்றதுக்குள்ள அது மேல சதை ஏறணும், என் கைச்சோத்துல ஏறணும். எனக்கு வேற எதுவும் தெரியலை.

அன்னியிலேர்ந்து நாய்க்குன்னு தனியா ஒலை வெச்சேன். யாரு ஊட்டுல அப்படி வெப்பாங்க? மிஞ்சினதைத்தான் நாய்க்குப் போடுவாங்க. எங்க ஊட்டுல நாய்க்கு மிஞ்சினதை நாங்க தின்னாத கொறை. மொதல்ல வெறும் கஞ்சி, உப்புக்கூட இல்ல. வயிறு அடங்குச்சு. அப்பால ஒண்ணொண்ணா சேத்துப் பாத்தேன், ரெண்டைக் கலக்கவே மாட்டேன், எது பண்ற வேலைன்னு தெரியணுமில்ல? பூசணிக்கா ஒத்துக்கிச்சு. சக்கரவள்ளிக் கிழங்கு ஒத்துக்கிச்சு. நெய் ஒரு சொட்டு வுட்டேன், கக்குச்சு. பருப்பை மறுபடியும் போட்டுப் பாத்தேன், கடமுடா. மாடுங்களுக்கு சதை புடிக்கிறது புண்ணாக்குலதானேன்னு மல்லாட்டைப் புண்ணாக்கை, அதான் கடலைப் புண்ணாக்கை, ஊறவெச்சுக் குடுத்தேன். அந்த வாரம் கொல்லைப்பக்கம் யாரும் போக முடியலை. விரதத்தையும் நிறுத்துனேன். கிருத்திகைக்கு நான் பட்டினி, அது தின்னுக்கினு இருந்துச்சு.

வயித்தால போறது நின்னுச்சு. சொறி நின்னுச்சு. சதை மட்டும் ஏறலை. தின்ன கிழங்கெல்லாம் அணில் பின்னால ஓடியே கரைஞ்சு போச்சு. என்னாத்தைப் போட்டா ஏறும்னு எனக்குத் தெரியாமயா இருந்துச்சு? அது மீன் தின்னுக்கினு இருந்தப்ப முதுகு எப்படி மின்னுச்சுன்னு என் கண்ணாலயே பாத்தேனே. கடைசியில இப்படி யோசிச்சேன்: அவ கையில ஒண்ணும் மாயம் இல்ல. அவகிட்ட மீன் இருந்துச்சு, அவ்வளவுதான். நாய் பாசம் வயித்துப் பாசம். நக்குற நாய்க்குச் செக்குன்னு தெரியுமா, சிவலிங்கம்னு தெரியுமா? அந்த மீனை நானே போட்டா அது அவ வாசலை எட்டிக்கூட பாக்காது. சைவம் போனா போவட்டும். அது அவ கையால தின்னக்கூடாது.

பூண்டி ஏரி மீனைக் கூடையில வெச்சுக்கினு ஒரு பொம்பளை தெருமுனையில உக்காருவா. முந்தானையைத் தலைக்கு மேல போட்டுக்கினு போயி நின்னேன்.

"இன்னாம்மா, சைவத் தெருவுலேர்ந்து?"

"எனக்கு இல்ல. நாய்க்கு."

"எல்லாரும் மொதல்ல நாய்க்குன்னுதாம்மா சொல்றாங்க"ன்னு சொல்லிட்டு கெண்டை மீனை எடுத்துப் போட்டா.

குளத்து மீனுக்குப் பொரி போட்ட கையால அதைப் புடிச்சப்ப எனக்கு உடம்பு கூசிப்போச்சு. கெணத்தடியில மூணு கல்லு வெச்சு, ஒரு மண்சட்டியில தண்ணி ஊத்தி, மூக்கைப் பொத்திக்கினு முழுசா வேகவெச்சேன். செதிள் எடுக்கணும், கொடலை எடுக்கணும், முள்ளு பாக்கணும், ஒண்ணும் தெரியாது. கத்திரிக்கா மாதிரி நெனச்சேன். நாயை வாசலுக்குக் கூட்டிக்கினு போனேன். ஏன் வாசலுக்குன்னு கேக்குறீங்களா? அவ பாக்கணும்ல? அவ வாசல்ல நிக்கிறது பாத்துட்டுத்தான் கூட்டிக்கினு போனேன். சோத்தோட மீனைப் பெசைஞ்சு வெச்சேன். பாய்ஞ்சு தின்னுச்சு. அவ பாத்துக்கினு நின்னா. நான் தலையை நிமுத்திக்கினு நின்னேன்.

நாலாவது வாயில நாய் அப்படியே நின்னுடுச்சு. கக்க வந்துச்சு, கக்க முடியலை. முன்னங்காலால வாயைப் பிறாண்டுச்சு. கண்ணு வெளிய வந்துடுச்சு. தொண்டையில முள்ளு.

பாயம்மா ஓடியாந்தா. தெருவைத் தாண்டி வந்துட்டா, அப்பால ஒரு கை தூரத்துல அப்படியே நின்னுட்டா. கை ரெண்டும் முன்னால நீட்டிக்கினு, நீட்டுன கையை மடக்கிக்கினு, "வாயைத் தொறங்கம்மா, வெரலை உள்ள வுடுங்க, நாக்குக்கு அடியில, பயப்படாதீங்க, கடிக்காது, உங்களைக் கடிக்காது"ன்னு கத்துனா. நான் அதைக் காலுக்குள்ள இடுக்கிக்கினு வாயைப் பொளந்து, வெரலை உள்ள வுட்டுத் துழாவுனேன். முள்ளு நகத்துல பட்டுச்சு. இழுத்தேன். ரத்தத்தோட வந்துச்சு. நாய் ஒரு இருமல் இருமிட்டு என் மடியில சாஞ்சுது. எச்சிலும் ரத்தமும் மீனும் என் பொடவை பூரா. நான் அதைக் கட்டிக்கினு அழுதேன்.

நிமுந்து பாத்தா அவளும் அழுதுக்கினு இருந்தா.

"எனக்குக் கை பரபரன்னுச்சும்மா"ன்னா. "தொட முடியலை. உங்களைப் பாத்தா எனக்கு எப்பவும் வயிறு எரியும், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க மடியில வெச்சுத் தடவுறதை ஜன்னல்லேர்ந்து பாத்துக்கினே நிப்பேன். அதோட முதுகு எப்படி இருக்கும், சொரசொரன்னு இருக்குமா, மெத்துன்னு இருக்குமான்னுகூட எனக்குத் தெரியாது."

அவ ஜன்னல்லேர்ந்து என்னைப் பாத்திருக்கா. எனக்கு வந்த சந்தோஷத்தை இன்னான்னு சொல்வேன்! பாவம்னு தோணணும், இல்ல? தோணலை. இத்தினி நாள் எரிஞ்ச வயித்துல பானகம் ஊத்துனாப்பல இருந்துச்சு. "மெத்துன்னு இருக்கும்"னு சொல்லிட்டு, வேணும்னே இன்னும் ரெண்டு தரம் தடவுனேன்.

"கெண்டை வேணாம்மா, முள்ளு சாஸ்தி"ன்னு கண்ணைத் தொடச்சுக்கினே சொன்னா. "விரால் வாங்குங்க. வேகவெச்சு, நடுமுள்ளை உருவிட்டு, கையால பிசைஞ்சு பாத்துட்டுப் போடுங்க."

அவ சொன்னாப்பலயே விரால் வாங்குனேன். உப்பு இல்லாம, மசாலா இல்லாம, குழைஞ்ச சோத்தோட. கக்கலை, வயித்தால போகலை, சொறியலை. மீன் சமைச்சுட்டு நான் தலை முழுவுவேன். எங்க ஊட்டுக்காரரு கெணத்தடிப் பக்கமே வரமாட்டாரு, மூக்கை மூடிக்கினு, "கோர்ட்டுல தெரிஞ்சா சிரிப்பாங்க"ன்னுவாரு. ஆனா மண்சட்டி வுடைஞ்சப்ப புதுசு வாங்கியாந்து சத்தமில்லாம கெணத்து மேல வெச்சது அவருதான். கொஞ்சம் கொஞ்சமா விலா எலும்பு உள்ள போச்சு. சொட்டை வுழுந்த எடத்துல முடி மொளைச்சுது. வாய்தாவுக்கு வந்த ஊத்துக்கோட்டைக்காரரு ஊட்டுக்கே வந்து பாத்துட்டு, "இன்னா நைனா, கன்னுக்குட்டி மாதிரி வெச்சிருக்கீங்க, இதையா திருப்பிக் குடுக்கறேன்னு சொன்ன?"ன்னு எங்க ஊட்டுக்காரரைக் கேட்டுட்டுப் போயிட்டாரு. நாய் எனக்குன்னு ஆச்சு. நான் ஜெயிச்சேன்.

அந்த வாரமே கயித்தை அவுத்துட்டேன். இனிமே எங்க போவப்போவுது? வயிறு முட்ட விரால் தின்னுட்டு என்கூட வாசப்படியில உக்காந்துச்சு. சாயங்காலம். நல்லா தின்ன களைப்புல அதோட தலை என் மடியில கனமா கெடந்துச்சு. எதிர்ல பாயம்மா வாசல்ல நின்னு அரிசி பொடச்சுக்கினு இருந்தா. நான் தடவிக்கினே அவளைப் பாத்தேன். அவளும் ஒரு தரம் பாத்துட்டு மொறத்தைப் பாத்துக்கினா.

நாய் எழுந்துச்சு. ஒடம்பை ஒரு ஒதறு ஒதறுச்சு. ஓடலை, நடந்துதான் போச்சு, தெருவைத் தாண்டி. அவ வாசப்படிக்கு ஒரு கை தூரத்துல, அதே எடத்துல, தீனி கெடக்குதான்னு மோந்துகூட பாக்காம படுத்துக்கிச்சு. முன்னங்காலு மேல தாடையை வெச்சு, என் மடியில வுடுற அந்தப் பெருமூச்சை அங்க வுட்டுச்சு. எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு.

பாயம்மா நாயைப் பாக்கலை, என்னைத்தான் பாத்தா. மொறத்தைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்னா.

"நான் ஒண்ணுமே போடலம்மா. சத்தியமா ஒண்ணுமே போடல."

"தெரியும்"னேன்.

உள்ள வந்து ஜன்னலைச் சாத்துனேன். மீனுக்குத்தான் போவுதுன்னு நெனச்சுக்கினு இருந்த வரைக்கும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு.